முத்திரை இல்லாத உபயம்

கிள்ளானை அடுத்த மேரு தொழிற்பேட்டையில், கையுறைத் தொழிற்சாலைக்கும் லோரிகள் நிறுத்தும் செம்மண் திடலுக்கும் நடுவில், ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் வாசலில் இருபத்திரண்டு வருஷம் அர்ச்சனைத் தட்டு விற்றவள் புஷ்பவல்லி. அதற்கு முன்னால் சுங்கை வேயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே நகரும் பொடிப் பொடிப் பாகங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போடுவதுதான் வேலை. கூலி மலிவான வேறொரு நாட்டுக்குத் தொழிற்சாலை ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு போனது. லோரி ஓட்டிய புருஷனும் ஏறக்குறைய அதே சமயத்தில் ஜொகூரில் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். இரண்டுக்குமாகச் சேர்த்து அவள் ஒரே ஒரு நாள்தான் அழுதாள். அதற்கு மேல் அழ அந்த இரண்டுக்கும் தகுதி கிடையாது என்பது அவளுடைய தீர்ப்பு.

இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவாள், போட்ட எடையை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். புது லோரி வாங்கியவன் இங்கே வந்துதான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவான். சாமிக்கு வெற்றிலை, ஊதுபத்தி, சுருட்டு அல்லது சிகரெட். "ரெண்டு லட்சத்துக்கு லோரி வாங்கினவரே, சாமிக்கு மட்டும் சின்னத் தட்டா?" என்று கேட்பாள். அவன் அசடு வழிந்து பெரிய தட்டாக எடுத்துக்கொள்வான்.

சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைத்து விற்கக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, பாக்கெட்டுகளை அவள் ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுத் துணியால் மூடிவிட்டாள். கடைப் பதிவுத் தாளையும் லாமினேட் செய்து தொங்கவிட்டிருந்தாள். இருபதடி தள்ளி உள்ளே போனால் சந்நிதிப் படியில் அதே பாக்கெட்டுகள் கோபுரம் கட்டி நிற்கும். முனீஸ்வரர் வாயில் ஒன்று புகைந்துகொண்டே இருக்கும். அவர் தலைக்கு மேலே 'இங்கு புகைபிடிக்கக் கூடாது' என்று மூன்று மொழியில் ஒரு பலகை. பலகைக்கு அடியில், 'உபயம்: ராதாகிருஷ்ணன் குடும்பத்தார்.'

இந்த ராதாகிருஷ்ணன்தான் கோயில் தலைவர். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்து அனுப்பும் கம்பெனி வைத்திருக்கிறார். கோயிலுக்குக் கொடுப்பார், கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் கொடுத்ததையெல்லாம் எழுதி வைத்துவிடுவார். நாற்காலி முதுகில் அவர் பெயர், தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயர், சாக்கடை மூடியிலும் அவர் பெயர். மண்டப மின்விசிறியின் ஓர் இறக்கையில் 'ராதாகிருஷ்ணன்', அடுத்ததில் 'குடும்பத்தார்', மூன்றாவதில் 'உபயம்'. சுற்றும்போது ஒன்றும் படிக்க முடியவில்லை என்று, கூட்டம் சேரும் நாளில் விசிறியை நிறுத்தச் சொன்ன மனிதர் அவர். மஞ்சள் காகிதத்தில் சிவப்புத் தமிழ் எழுத்தில் அச்சடித்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று இதற்காகவே அவர் அலுவலகத்தில் இருந்தது. கோயிலுக்குப் போகிற எந்தப் பொருளும் ஸ்டிக்கர் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நிரந்தர உத்தரவு.

அப்படித்தான் அந்தப் பத்து அட்டைப்பெட்டி சிகரெட்டும் வந்தது. அவர் கம்பெனிக்குப் புதிதாக மூன்று லோரி வாங்கியதற்கு நேர்த்திக்கடன். கம்பெனி வேன் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொரு பெட்டி மேலும் மஞ்சள் ஸ்டிக்கர், கோணாமல், நேர்த்தியாக.

சாமி முன்னால் வைத்த சிகரெட் அதன்பிறகு என்ன ஆகும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. முனீஸ்வரர் ஒரு நாளில் எவ்வளவு புகைக்க முடியும்? மீந்ததை அள்ளி, கோயில் செயலாளர் முகுந்தன் வாசலுக்குக் கொண்டுவந்து புஷ்பவல்லியின் பெட்டியில் போடுவான். அவள் மறுபடி தட்டில் வைத்து விற்பாள். விற்ற பணத்தில் பாதி கோயிலுக்கு. வாங்கினவர் உள்ளே கொண்டுபோய் வைப்பார், சாயங்காலம் அது திரும்பி வரும். ஒரே பாக்கெட் மாதத்துக்கு நான்கு முறை போய்வந்து நான்கு பேருடைய நேர்த்திக்கடனைத் தீர்த்து வைத்திருக்கிறது. கமிட்டிக்காரர்கள் இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள், நிர்வாகம் என்று சொல்வார்கள்.

தலைவரின் பெட்டிகள் அந்தச் சுற்றில் சேர்ந்த அன்றே புஷ்பவல்லி ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எச்சரிக்கைப் படத்துக்குக் கீழே அவளுக்குத் தெரியாத எழுத்து. கண்ணாடிக் காகிதத்தில் ஒட்டியிருக்க வேண்டிய வரி முத்திரையைக் காணவில்லை. கிள்ளானில் எந்தச் சந்துக்குள் போனாலும் பாதி விலைக்குக் கிடைக்கிற சரக்கு அது. வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அதுவரை அவள் பெட்டியில் அது நுழைந்ததில்லை.

"தம்பி, இதுல முத்திரை இல்லையே" என்றாள் முகுந்தனிடம்.

"என்ன முத்திரை அக்கா?"

"வரி முத்திரை லா. கவர்மெண்ட் ஒட்டுறது."

முகுந்தன் வங்கியில் வேலை பார்க்கிறவன். விவரம் தெரியாதவன் இல்லை. ஆனாலும் சிரித்தான். "இது தலைவர் உபயம் அக்கா. சாமி பாதத்துல வச்ச பொருள். பிரசாதத்துக்கு எவனாச்சும் வரி கேப்பானா?"

"கேப்பான். உன்னையும் கேக்கமாட்டான், சாமியையும் கேக்கமாட்டான். என்னதான் கேப்பான்."

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. அடுத்த மாசம் கடைக்கு லெட்டர் வேணும்ல? தலைவர்கிட்ட நான்தான் கையெழுத்து வாங்கணும். ஞாபகம் வச்சுக்குங்க."

நகராண்மைக் கழகம் வருஷா வருஷம் கடை லைசென்ஸைப் புதுப்பிக்கக் கோயிலிலிருந்து ஒரு கடிதம் கேட்கும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அவள் குடியிருக்கிற இரண்டாம் மாடி வீடும் இல்லை, வேறு வருமானமும் இல்லை. ஒரு கடிதத்துக்காக, தப்பு என்று தெரிந்தே, அவள் அந்தப் பாக்கெட்டுகளைத் தட்டில் வைத்தாள். அன்று முழுக்க மற்றவர்களைத் திட்டுகிற அதே வாயால் தன்னையும் திட்டிக்கொண்டாள். அவளிடம் பாரபட்சம் கிடையாது.

இது இப்படி ஓடிக்கொண்டிருக்கையில்தான் தலைவருக்குப் பட்டத்து ஆசை வந்தது. பெயருக்கு முன்னால் டத்தோ என்று போட்டுக்கொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். கோயில் கட்டியவர்கள், பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்கள் என்று அந்த வரிசையில் ஏற்கெனவே நெரிசல். கள்ளச் சிகரெட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையில் மலேசியா சேரவேண்டும் என்று குரல் கொடுத்த கிள்ளான் தமிழர் மட்டும் ஒருவரும் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. தலைவர் அதில் துண்டு போட்டார்.

ஒரே மாதத்தில், அந்த உடன்படிக்கைக்கு ஆங்கிலப் பெயரான 'புரோட்டோகோல்' என்ற சொல் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் பேசினார், கருமாதி வீட்டில் பேசினார். அன்னதானத்தில் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டும் பேசினார். முகுந்தன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கருத்தரங்கு என்று அறிவித்தார்கள். வாசலில் இருபதடித் துணி கட்டினார்கள், வருகிறவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட. அமலாக்கத் துறையிலிருந்து ஒரு மலாய் அதிகாரி சிறப்பு விருந்தினர். பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு பயனீட்டாளர் அமைப்பிலிருந்து மாதவி என்ற பெண் பேச்சாளர்.

அதிகாரி முஸ்லிம் என்பதால் சந்நிதியில் சாமிக்குப் படைத்திருந்த பீர் டின்களை எல்லாம் முந்தின நாளே வாழை இலை போட்டு மூடினார்கள். கமிட்டியில் பதினொரு பேர். பதினொரு பேரும் சேர்ந்து யோசித்து பீரை மூடினார்கள். சிகரெட்டை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அது சாமிப் பொருள், அதற்கும் கருத்தரங்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வரவில்லை. இவர்கள்தான் நாடு எதில் சேரவேண்டும், எதில் சேரக்கூடாது என்று சொல்லக் கிளம்பியவர்கள்.

தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். உலகம், இளைய தலைமுறை, நாட்டின் மானம் எல்லாம் வந்தன. விசிறி நின்றிருந்ததால் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் துடைத்துக்கொண்டிருந்த புஷ்பவல்லி மூன்று தடவை கொட்டாவி விட்டாள். மூன்றையும் மறைக்கவில்லை.

அடுத்து மாதவி எழுந்தாள். முப்பது வயது இருக்கும். தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்று ஆரம்பத்திலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். தலைவர் பேசியது மாதிரி அவள் பேசவில்லை.

"ஒரு சிகரெட் ஃபேக்டரிய விட்டுக் கிளம்புறதுலேர்ந்து கடைக்கு வர்ற வரைக்கும் யார் கையில இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியணும். அதுக்கு ஒரு நாடு மட்டும் போதாது. அங்க கேட்டா இங்க பதில் சொல்லணும், இங்க கேட்டா அங்க பதில் சொல்லணும். உடன்படிக்கை அதுக்குத்தான். எழுபது நாடு பக்கம் சேந்தாச்சு. நாம இன்னும் சேரல."

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "அப்ப வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம பாசார்ல மூக்க நுழைப்பானா?"

"சரக்கு வெளிநாட்டுலேர்ந்து நம்ம பாசாருக்கு ஏற்கெனவே வந்துருச்சு அங்கிள். அதுக்கு நம்ம யாரையும் அனுமதி கேக்கல" என்றாள் மாதவி. "வரிய ஏத்துனா கள்ளச் சரக்கு பெருகும்னு சிகரெட் கம்பெனிங்க சொல்லிக்கிட்டே இருக்கும். அவங்க கணக்க அவங்ககிட்டேர்ந்தே வாங்கி நம்பாதீங்க. கண்காணிக்கிற வேலையையும் அவங்க கையில குடுக்கக் கூடாது. இப்ப என்ன நடக்குதுன்னா, கடல்ல வர்றத விட்டுட்டுக் கடையில போய்ப் பிடிக்கிறோம்."

புஷ்பவல்லியின் கை நின்றது. இந்தப் பெண் சொல்வது சரி என்று பட்டது, உடனே எரிச்சலும் வந்தது. அந்த மண்டபத்தில் அன்றுவரை யாரும் சரியான ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அதற்குத் தயாராகவும் அவள் வந்திருக்கவில்லை.

கடைசியாக அதிகாரி. கழுத்தில் ரோஜா மாலையோடு எழுந்து, சிரித்த முகமாக மலாயில் பேசினார். முத்திரை உண்மையா போலியா என்று பார்க்கும் ஒரு சின்னக் கருவி கொண்டுவந்திருக்கிறேன், செய்து காட்டுகிறேன், யாரிடமாவது ஒரு பாக்கெட் இருந்தால் கொடுங்கள் என்றார்.

மண்டபத்தில் அறுபது ஆண்கள் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் லோரி ஓட்டுகிறவர்கள். ஒருவர் சட்டைப் பையிலும் சிகரெட் இல்லாமல் இல்லை. ஆனால் தன் பையில் இருப்பது எது என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொட்டறியாத உத்தமர்கள் போல அப்படி ஒரு முகம்.

தலைவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. "முகுந்தா, சந்நிதியிலேர்ந்து ரெண்டு எடுத்துட்டு வா" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து, சாமிக்கு வைப்பதெல்லாம் அசல்தான், துவான், என்று மலாயில் மரியாதையாகச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, பொருளை வாங்கியது கம்பெனி ஆள்தான் என்று பிறகு சொன்னார்கள். முப்பது வருஷமாகக் கண்டெய்னர் காகிதத்திலேயே குடித்தனம் நடத்துகிறவருக்குத் தெரியாது என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

முகுந்தன் கொண்டுவந்த முதல் பாக்கெட்டை அதிகாரி திருப்பிப் பார்த்தார். கருவியின் பொத்தானை அழுத்தப் போனவர் அதை அப்படியே வைத்துவிட்டார். கருவிக்கு வேலையே இல்லை, சோதிக்க முத்திரை என்று ஒன்று இருந்தால்தானே. இரண்டாவதும் அப்படித்தான். அவர் கழுத்து மாலையோடு எழுந்து சந்நிதி வாசல் வரை நடந்து, படியில் அடுக்கியிருந்ததை எட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அங்கே முப்பது கைப்பேசி அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவை மட்டும் இல்லாதிருந்தால் அந்த மனிதர் மோர் குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது அவருக்கும் வழியில்லை.

"இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

தலைவர் திரும்பினார். மண்டபத்தைத் தாண்டி, அறுபது தலைகளைத் தாண்டி, அவர் கண் நேராகப் புஷ்பவல்லியிடம் வந்து நின்றது. மலாயிலேயே சொன்னார்: "வாசல்ல கடை வச்சிருக்கிற அம்மாதான் துவான் விக்கிறாங்க. பக்தர்கள் அவங்ககிட்ட வாங்கி வைக்கிறாங்க. கோயிலுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

கமிட்டியில் மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். வாழை இலை விஷயத்தில் காட்டிய அதே ஒற்றுமை.

கள்ளச் சிகரெட்டுக்கு என்ன அபராதம் என்று புஷ்பவல்லிக்குத் தெரியும். மேரு பாசாரில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி வாழ்நாள் முழுக்கக் கட்டினாலும் தீராத தொகையோடு நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். பயம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. எலுமிச்சம்பழக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். தகரப் பெட்டிக்கு அடியில் பிரிக்காமல் கிடந்த இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் இருந்த மேசையில் வைத்தாள். மஞ்சள் ஸ்டிக்கர் மேல் பக்கமாக இருக்கும்படி வைத்தாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று அதிகாரி கேட்டார்.

மாதவி குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முகம் சிவந்து போய் முகுந்தனைப் பார்த்தாள். முகுந்தன் ஒரு விநாடி யோசித்தான். வங்கியில் வேலை பார்க்கிறவன் அல்லவா, வேகமாக யோசிப்பான். "கடவுள் அருள் உண்டாகட்டும்னு போட்டிருக்கு துவான்" என்று மலாயில் சொன்னான்.

மண்டபத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவனுக்குத் தலைவர் கம்பெனியில் வேலை, இன்னொருவனுக்கு மகள் கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டும், வேறொருவனுக்கு ஒன்றுமே வேண்டாம், ஆனாலும் வாய் திறப்பது பழக்கமில்லை.

புஷ்பவல்லி ஸ்டிக்கர் மேல் விரலை வைத்தாள். முப்பது வருஷம் தொழிற்சாலையிலும் பாசாரிலும் பேசிப் பழகிய மலாயில், ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னாள். இது கொடுத்தவருடைய பெயர் துவான். ராதாகிருஷ்ணன் குடும்பத்தார் கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை. பெயர் வேண்டுமென்றால் உங்கள் நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் இருக்கிறது. இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள்.

அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விசிறியைப் பார்த்தார். அது நின்றுகொண்டிருந்ததால் நன்றாகவே தெரிந்தது.

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பியது. மண்டபம் முழுக்க அது பரவிய நேரத்தில் தலைவர் உட்கார்ந்துவிட்டார். புஷ்பவல்லி சிரிக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, அதை அவள் மறைக்கவும் இல்லை. பத்து வருஷமாகச் சொல்ல நினைத்ததைப் பத்துச் சொல்லில் சொல்லிவிட்ட திருப்தி. பெட்டிகளை எடுத்துக்கொண்டு அதிகாரி கிளம்பினபோது, தான் தப்பித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். இருபத்திரண்டு வருஷம் மனிதர்களை எடை போட்டவள் அந்த ஒரு தடவை தப்பாகப் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் தலைவர் மறுபடி பேசினார். கோட்டு போட்டிருந்தார். கள்ளச் சரக்கு கோயிலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது, அதைத் தாமே அதிகாரியை வரவழைத்துப் பிடித்துக் கொடுத்ததாகச் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்ததாக முகுந்தன் முகநூலில் போட்டான். அதே வாரத்தில் கமிட்டி கூடி, கோயிலின் நற்பெயரைக் கருதி வாசல் கடைக்கு இந்த ஆண்டு கடிதம் தருவதில்லை என்று ஏகமனதாக முடிவெடுத்தது. அந்தத் தீர்மானத்தை எழுதியதும் முகுந்தன்தான். கையெழுத்து மணி மணியாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவளை வாக்குமூலத்துக்கு வரச்சொல்லி கிள்ளான் அமலாக்கத் துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. துணைக்கு யாருமில்லாமல்தான் போனாள். வாசலில் மாதவி நின்றிருந்தாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து வந்திருந்தாள்.

"ஆன்டி, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அன்னிக்கு நான் அத படிச்சிருக்கணும்" என்றாள்.

"படிச்சிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? விடு" என்றாள் புஷ்பவல்லி. "நீ பேசினது எல்லாம் சரிதான்மா. அதான் எனக்குக் கோவம். சரியா பேச ஒருத்தி வந்தா, அவளக் கொண்டுபோய் எந்த மேடையில ஏத்துறானுங்க பாரு."

உள்ளே அதே அதிகாரி இருந்தார். மாலை இல்லாமல் பார்க்க நல்ல மனிதராகவே இருந்தார். இரண்டு பேருக்கும் உட்கார நாற்காலி காட்டி, மேசையில் இருந்த கோப்பைத் திறந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தலைவருடைய வக்கீல் எழுதியிருந்தார்: தம் கட்சிக்காரர் நல்லெண்ணத்தில் கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தார், வாங்கியது வேன் டிரைவர். வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். அவன் வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஆள் சுங்கை பூலோவில் ஒரு கிடங்கு வாடகைக்கு எடுத்திருந்தான். இப்போது கிடங்கு காலி. கிடங்குக்குச் சரக்கு வந்த கண்டெய்னரின் காகிதத்தில் தரை விரிப்பு என்று போட்டிருந்தது. அது இங்கே இறங்க வேண்டியதே இல்லை, வேறொரு நாட்டுக்குப் போகிற வழியில் துறைமுகத்தில் தங்கியது. அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்டார்கள், அப்படி ஒரு சரக்கையே எதிர்பார்க்கவில்லை என்று பதில் வந்தது. ஏற்றி அனுப்பிய நாட்டுக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை.

"மறுபடி கேக்கறதுதானே துவான்?" என்று மலாயில் கேட்டாள் புஷ்பவல்லி.

"கேட்கலாம். அவர்கள் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை."

புஷ்பவல்லி மாதவி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "நீ சொன்ன காகிதத்துல இவங்க கையெழுத்துப் போட்டிருந்தா, இந்த நாற்காலியில இப்ப யார் உக்காந்திருப்பா?"

மாதவி பொய் சொல்லத் தெரியாத பெண். "தெரியல ஆன்டி. நீங்களாவேகூட இருக்கலாம். ஒரே நாள்ல எதுவும் மாறாது. ஆனா கப்பல் வரைக்கும் கேட்டுப் போக ஒரு வழி இருந்திருக்கும். இப்ப வழியே இல்ல."

"அப்ப போடச் சொல்லு. நாக்கு தடிச்சவனுங்க பேசறதுக்காக இல்ல. என்னைப்போல இன்னொருத்தி வந்து இங்க உக்காராம இருக்கறதுக்காகப் போடச் சொல்லு." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை. புரிந்தவர் போலக் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரமப்படுகிறவர் மாதிரியே சொன்னார். கோயில் என்பது சங்கம், பதினொரு பேர், யார் கையிலும் சரக்கு இல்லை. தலைவர் கொடுத்தவர், கொடுத்த பிறகு அது அவருடையது இல்லை. டிரைவர் இல்லை, கிடங்கு இல்லை, கப்பல் நம் கடலில் இல்லை. இரண்டு பெட்டி உங்கள் கடைக்குள் இருந்தது, நீங்களே எடுத்து வந்து கொடுத்தீர்கள், படமும் இருக்கிறது.

"அதாவது?" என்றாள் புஷ்பவல்லி.

"அதாவது ஆன்டி, இந்தக் கோப்பில் விலாசம் இருக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்."

அவளுக்குத் திட்ட நிறைய இருந்தது, எதிரே இருந்தவர் அதற்கு உரியவர் இல்லை. உரியவர்கள் யாருக்கும் இந்த அறைக்கு வரவேண்டிய தேவையே ஏற்படாது. அவர் குற்றப்பத்திரிகைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வீட்டு எண் கேட்டார். அவள் சொன்னாள். மாடி, புளோக், சாலைப் பெயர், அஞ்சல் எண் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் எழுதி முடித்து, ஏதாவது தவறாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.